நாலுமூலை அக்காவின் தைல டப்பா

முதல்லயே சொல்லிடறேன், இந்தக் கதையில நான் நல்லவ கிடையாது. கேட்டுட்டு எனக்காக யாரும் உச்சுக்கொட்ட வேணாம். கொட்டறதா இருந்தா நாலுமூலை அக்காவுக்காகக் கொட்டுங்க.

நாங்க வேலை பாக்குறது ஒரு பெரிய லாண்ட்ரி. ஹோட்டல், ஆஸ்பத்திரின்னு எல்லா இடத்துப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துண்டும் இங்கதான் வரும். கட்டடத்துக்கு நடுவுல ஒரு சுவர். அந்தப் பக்கம் அழுக்குப் பக்கம், இந்தப் பக்கம் சுத்தப் பக்கம். அங்க மூட்டை மூட்டையா இறங்குற துணியைப் பிரிச்சு, ரத்தம் பட்டது தனி, வாந்தி பட்டது தனி, சும்மா கசங்கினது தனின்னு ஒதுக்கி மெஷினுக்குள்ள திணிக்கணும். மெஷின் சுவருக்குள்ளயே இருக்கு, ரெண்டு பக்கமும் கதவு. அங்க அழுக்கா போறது இங்க வெள்ளையா வரும். நாங்க அதைச் சூடான உருளைக்குள்ள விட்டு எடுத்து, ரெண்டு ரெண்டு பேரா நின்னு மடிப்போம்.

அக்கா அழுக்குப் பக்கத்துல பதினோரு வருஷம் இருந்தவங்க. ஈர மூட்டை என்ன கனம் கனக்கும்னு தூக்கினவளுக்குத்தான் தெரியும். பதினோராவது வருஷம் ஒரு நாள் மூட்டையோட அப்படியே தரையில உக்காந்தவங்க எந்திரிக்கல. முதுகெலும்புல வட்டு நகந்துடுச்சு, இனிமே குனிஞ்சு தூக்குற வேலையே கூடாது, மீறினா ஒரு கால் போயிடும்னு டாக்டர் எழுதிக் கொடுத்துட்டார். அந்தக் காகிதத்தை வெச்சுக்கிட்டு நாலு மாசம் நடையா நடந்துதான் சுத்தப் பக்கம் வந்தாங்க. வந்தவங்களை எனக்கு ஜோடியா போட்டாங்க. இது நடந்து மூணு வருஷம் ஆச்சு.

விரிப்போட நாலு மூலையும் மயிரிழை பிசகாம சேரணும் அவங்களுக்கு. அதனாலதான் அந்தப் பேரு. "நாலு மூலையும் சேர்ந்தா மடிக்கிறவளுக்கும் நல்லது, படுக்குறவனுக்கும் நல்லது"ம்பாங்க. படுக்குறவனுக்கு அதுல என்ன நல்லதுன்னு நான் கேட்ட கேள்விக்கு இன்னிக்கு வரைக்கும் பதில் கிடையாது.

மடிக்கிறது எப்படின்னா, நான் இந்த முனை, அவங்க அந்த முனை. ரெண்டு பேரும் கையை மேல தூக்கி ஒரு உதறு. அப்புறம் எதிரும் புதிருமா நடந்து வந்து மூலையோட மூலை சேக்கணும். சேக்குற நேரம் என் மூக்குக்கும் அவங்க மூக்குக்கும் ஒரு சாண் இருந்தா ஜாஸ்தி. கீழ தொங்குற மடிப்பை அவங்களால குனிஞ்சு எடுக்க முடியாது, நான்தான் எடுப்பேன். அதுவரைக்கும் மேல் விளிம்பை அவங்க இடது கக்கத்துல இடுக்கிக்கிட்டு, துணியில ஒட்டியிருக்கிற நூல் பிசிறைப் பொறுக்குவாங்க. இது எங்களுக்குள்ள ஏற்பட்ட ஏற்பாடு. இப்படி ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. உருளைச் சூடு ஒரு பக்கம், நீராவி ஒரு பக்கம். மத்தியானத்துக்கு மேல பேச்சே வராது, மூச்சு வந்தா போதும்னு இருக்கும்.

போன வெயிலுக்கு முன்னாடி அந்த நாத்தம் ஆரம்பிச்சுது. வேர்வை நாத்தம்தான், ஆனா புளிச்சுப் போன மாதிரி ஒரு காரம். மூலை சேக்குறப்போ எல்லாம் குப்புனு வரும். நான் தனியா நின்னு துண்டு மடிக்கிறப்போ வராது. விரிப்புக்கு அக்கா எதிர்ல வந்து நின்னா வரும். அப்போ யாருதுன்னு சொல்லணுமா? பதினோரு வருஷம் அழுக்குப் பக்கத்துல ஊறின உடம்பாச்சேன்னு நானே காரணமும் கண்டுபிடிச்சுக்கிட்டேன்.

நேரா அவங்ககிட்டயே சொல்லியிருக்கலாம். "அக்கா, இப்படி இருக்கு, கொஞ்சம் பாருங்க"ன்னு ஒரு வார்த்தை. வாய் வரல. அன்னிக்குப் பஸ்ல நின்னுக்கிட்டே வந்து, கால் வீங்கி, உருளை ரெண்டு தடவை நின்னுபோய், எரிச்சல் தலைக்கேறி இருந்துச்சு. எங்க சூப்பர்வைசர் அம்மா எப்பவும் மணிக்கட்டையே பாத்துக்கிட்டு இருக்குறவங்க, கடிகாரம்னு பேரு. அவங்க என்னைத் தாண்டிப் போனப்போ என் வாயில சனி புகுந்துச்சு. "மேடம், அக்காகிட்ட நின்னு மடிக்க முடியல, ஒரே நாத்தம்"னு சொல்லிட்டேன்.

கடிகாரம் மறுநாளே அக்காவைக் கூப்பிட்டு விட்டாங்க. பேரு சொல்லல, "சொல்றாங்க"ன்னு மட்டும் சொல்லியிருக்காங்க. ஒரு மாசத்துக்குள்ள சரியாகலைன்னா பழைய பக்கத்துக்கே போக வேண்டியதுதான், அங்க இருக்குற நாத்தத்துல இது ஒண்ணும் தெரியாதுன்னு. அக்கா திரும்பி வந்து விரிப்பைப் பிடிச்சாங்க. மூலை நாலு விரக்கடை தள்ளிப் போச்சு. மூணு வருஷத்துல முதல் தடவை.

"யாருக்கோ என்மேல நாத்தம் அடிக்குதாம்டி," அப்படின்னாங்க. "உனக்கு அடிக்குதா? நீதானே பக்கத்துல நிக்குற, மறைக்காம சொல்லு."

நான் என்ன சொன்னேன்னா, "லேசா இருக்குக்கா. ஆனா நான் ஒண்ணும் நினைக்கல." பாத்தீங்களா என் யோக்கியதையை.

அக்கா தள்ளிப் போன மூலையைப் பிரிச்சு மறுபடி சேத்தாங்க. "அந்தப் பக்கம் போனா என் இடுப்பு ஒரு மாசம் தாங்காது. உனக்கே தெரியும்"னாங்க. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இருந்துச்சு. நான் இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கலன்னு சொன்னா அது பொய் இல்ல, ஆனா அதுல பெருமைப்பட என்ன இருக்கு?

கடையில விக்கிற சென்ட், பவுடர் எதையும் நாங்க பூச முடியாது. மூச்சிரைப்பு நோயாளிங்க படுக்குற விரிப்பு, வாசனை ஒட்டக்கூடாதுன்னு கதவுலயே எழுதி ஒட்டியிருக்கு. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்துச்சு. வீட்டுக்குப் போய் என் மகளைக் கேட்டேன். அவ போனைப் பாத்து, வாசனையே இல்லாம வீட்டுலயே டியோடரன்ட் செஞ்சுக்கலாம்மா, தேன்மெழுகு மட்டும் வாங்கினா போதும், மத்ததெல்லாம் சமையல்கட்டுலயே இருக்குன்னா. லீவு நாள் காலையில அக்கா வீட்டுக்குப் போனேன். பிள்ளையையும் கிள்ளிட்டுத் தொட்டிலையும் ஆட்டப் போனேன்னு சொல்லுங்க, அதான் சரி.

அக்கா வீடு ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு. வீட்டுக்காரர் காலமாகி வருஷமாச்சு, மகன் வேற ஊர்ல. உள்ள நுழைஞ்சதும் கையைத் தூக்கிக்கிட்டு, "முதல்ல மோந்து பாரு, அப்புறம் செய்வோம்"னாங்க. மோந்தேன். சோப்பு வாசனைதான் வந்துச்சு. "இப்பதான் குளிச்சிருக்கீங்க, அதான்"னு சொன்னேன். அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும்.

ஒரு சட்டியில தண்ணியைக் கொதிக்க வெச்சு, அதுக்குள்ள ஒரு டம்ளரை நிறுத்தினோம். டம்ளர்ல ஒரு துண்டு தேன்மெழுகு போட்டு, உருகினதும் மூணு ஸ்பூன் தேங்காய் எண்ணெய். இறக்கி வெச்சு, கை பொறுக்குற சூடு வந்ததும் ரெண்டு ஸ்பூன் மக்காச்சோள மாவு, சோடா உப்பு. சோடா உப்புலதான் முதல் தடவை கோட்டை விட்டோம். நாத்தத்தை எடுக்கிறது அதுதானே, ரெண்டு ஸ்பூனா போடுங்கன்னு நான் அள்ளிக் கொட்டினேன். மூணே நாள்ல அக்குள் ரெண்டும் தீஞ்ச மாதிரி சிவந்து, அக்கா கையை உடம்போட ஒட்ட முடியாம கோழி இறக்கையை விரிச்ச மாதிரி நடந்தாங்க.

"நாத்தம் போகுதோ இல்லையோ, தோல் போயிடும் போலிருக்குடி"ன்னு சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல.

ரெண்டாவது தடவை அரை ஸ்பூன் சோடா உப்பு, அதுக்குத் தக்க மாவு. இறுகினதும் வெண்ணெய் மாதிரி வந்துச்சு. தலைவலித் தைலம் தீர்ந்த டப்பா ரெண்டைக் கழுவிக் காய வெச்சிருந்தாங்க. ரெண்டுலயும் வழிச்சு அடைச்சு, ஒண்ணை என் கையில கொடுத்தாங்க.

"எனக்கெதுக்குக்கா?"

"வெச்சுக்கோடி. நீயும் அந்தச் சூட்டுலதானே நிக்குற. தினம் பூசு, நல்லதுதான்."

சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றாங்கன்னு வாங்கிட்டு வந்தேன். எண்ணெய்ப் பசை நல்லா இருந்துச்சு. குதிகால் வெடிப்புக்குத் தேய்ச்சேன்.

அக்கா தினமும் காலையில பூசிட்டு வந்தாங்க. எரிச்சல் இல்ல, வாசனையும் இல்ல. ஆனா மூலை சேக்குறப்போ அந்தப் புளிச்ச நாத்தம் போன பாடு இல்ல. "இப்ப எப்படி?"ன்னு கேப்பாங்க. நான் என்ன செஞ்சேன்? "கொஞ்சம் குறைஞ்சிருக்குக்கா. இன்னும் தாராளமா பூசுங்க"ன்னேன். அவங்களும் பூசினாங்க. மத்தியானம் வேலைக்கு நடுவுல இன்னொரு தடவை, கக்கூஸ்ல போய் நின்னுக்கிட்டு, விரலால வழிச்சு வழிச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு ஒரு ஹோட்டல்லேர்ந்து ஒரு வண்டி விரிப்பு திரும்பி வந்துச்சு. மடிப்பைப் பிரிச்சா உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளா எண்ணெய்த் திட்டு. மறுநாள் ஆஸ்பத்திரியிலேர்ந்தும் வந்துச்சு. கடிகாரம் அன்னிக்கு மணி பாக்கல. நேரா மெக்கானிக் அண்ணன்கிட்ட போனாங்க. உருளையிலேர்ந்து எண்ணெய் ஒழுகுதுன்னு முடிவே பண்ணிட்டாங்க. அந்த மனுஷன் அறுபதை நெருங்கினவர், எதிர்த்துப் பேசத் தெரியாதவர். ரெண்டு நாள் மெஷினைக் கழட்டிப் போட்டு, ஒவ்வொரு பேரிங்கையும் வெள்ளைத் துணியால துடைச்சுத் துடைச்சுக் காட்டினார். சொட்டு எண்ணெய் இல்ல. "அப்போ வானத்துலேர்ந்தா சொட்டுச்சு?"ன்னு கடிகாரம் எல்லாருக்கும் முன்னாடி கத்திட்டு, இனி ஒரு விரிப்பு திரும்பினா உங்களுக்கு இங்க வேலை இல்லன்னுட்டாங்க. எய்தவ இருக்க அம்பை நொந்த கதைதான்.

திரும்பி வந்த விரிப்பை எல்லாம் எங்க மேஜை மேலதான் குவிச்சிருந்தாங்க. அக்கா ஒவ்வொண்ணா பிரிச்சு மூலையைத் தேடினாங்க. எல்லாத்துலயும் ஒரே இடம். இடது மூலையிலேர்ந்து ஒரு முழம் தள்ளி, மேல் விளிம்புல. ஒரு விரிப்பை எடுத்து, எப்பவும் போலக் கையைத் தூக்கி, கக்கத்துல இடுக்கிப் பாத்தாங்க. திட்டு கச்சிதமா உள்ள போய் உக்காந்துச்சு. மடிக்கிறப்போ சூட்டுல எண்ணெய் சட்டையைத் தாண்டி இறங்கியிருக்கு. அப்போ கண்ணுக்குத் தெரியாது, அடுக்குல நாலு நாள் கிடந்தப்புறம்தான் மஞ்சளாகும்.

நான் பதறிப் போய் அவங்க கையைப் பிடிச்சேன். "அக்கா, வாயைத் திறக்காதீங்க. பூசறதை நிறுத்திட்டா திட்டும் நின்னுடும். யாருக்குத் தெரியப் போகுது?"

"அந்த மனுஷனுக்குத் தெரியாம போயிடுமா? செய்யாத தப்புக்கு ரெண்டு நாளா மெஷினைத் துடைக்கிறாரு."

"உங்களை அந்தப் பக்கம் அனுப்பிடுவாங்கக்கா!"

"அனுப்பட்டும். என்ன பண்றது?" அப்படின்னு சொல்லிட்டு டப்பாவையும் ஒரு விரிப்பையும் எடுத்துக்கிட்டு மேல கடிகாரத்தோட ரூமுக்குப் போனாங்க. படி ஏறுறப்போ கைப்பிடியைப் பிடிச்சு ஒவ்வொரு படிக்கும் நின்னாங்க.

கடிகாரம் கத்தலையாம். "பூசினா துணி பாழாகுது, பூசலைன்னா பக்கத்துல நிக்க முடியலங்கறாங்க. நான் என்ன செய்யட்டும்? அந்தப் பக்கம் இல்லன்னா வீடு, நீங்களே சொல்லுங்க"ன்னு கேட்டாங்களாம். மறுநாள் காலையில அக்கா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாங்க. மெக்கானிக் அண்ணன் மட்டும் எங்க மேஜைகிட்ட வந்து, அக்கா நின்ன இடத்தைப் பாத்துட்டுப் போனார்.

எனக்குப் புது ஜோடி வந்தா. சின்ன வயசு, வெடுக்குனு பேசுறவ. முதல் நாள் மூலை சேக்குறப்போ முகத்தைத் திருப்பினா. ரெண்டாம் நாள் துப்பட்டாவை மூக்குக்கு மேல கட்டிக்கிட்டா. தூசுக்காகன்னு நினைச்சேன். எனக்கோ ஒரே குழப்பம், அந்தப் புளிச்ச நாத்தம் இன்னும் வந்துக்கிட்டே இருக்கு. அக்காதான் இல்லையே! சுவர்ல ஊறிப் போச்சான்னு மேஜைக்கு அடியில எல்லாம் மோந்து பாத்தேன்னா பாத்துக்கோங்க.

மூணாம் நாள் அவ விரிப்பைக் கீழ வெச்சா. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கையைத் தூக்குறப்போ ரொம்ப நாத்தம் அடிக்குது. ஏதாவது பூசிக்கிட்டு வாங்களேன்."

அவ்வளவுதான். அரை நிமிஷம் ஆகல. நான் மாசக்கணக்கா சொல்ல முடியாத வார்த்தையை அவ நின்ன இடத்துலயே சொல்லிட்டு விரிப்பை மறுபடி எடுத்துக்கிட்டா.

கையைத் தூக்குறப்போ! துண்டு மடிக்க யாரு கையைத் தூக்குவா? விரிப்பு உதறத்தான் தூக்கணும். விரிப்புக்கு மட்டும்தான் அக்கா எதிர்ல வந்து நிப்பாங்க. என் நாத்தத்தை நானே மோந்து மோந்து அவங்க தலையில கட்டியிருக்கேன்.

வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரரைக் கேட்டேன். டிவியிலேர்ந்து கண்ணை எடுக்காம, "ஒரு வருஷமாவே இருக்கு. உனக்கு இந்த வயசுல திடீர் திடீர்னு வேர்க்குதுல்ல, அதுலேர்ந்து"ன்னார்.

"ஏன் சொல்லல?"

"சொல்லிட்டு இந்த வீட்டுல யாரு இருக்கிறது?"

சண்டை போடக்கூடத் தெம்பு இல்ல. கட்டிலுக்கு அடியிலேர்ந்து குதிகாலுக்குத் தேய்ச்ச டப்பாவை எடுத்துப் பாத்தேன். பாதி காலி. 'தினம் பூசு'ன்னு அக்கா சொன்னது அப்போதான் காதுல விழுந்துச்சு.

மறுநாள் சாப்பாட்டு நேரத்துல சுவரைச் சுத்திக்கிட்டு அழுக்குப் பக்கம் போனேன். இத்தனை வருஷத்துல அங்க நான் கால் வெச்சதே இல்ல. ஜன்னல் கிடையாது. ஒரு மூலையில மூட்டை ஆளுயரம். அக்கா முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை போட்டு, ஒரு கையை இடுப்புல ஊனிக்கிட்டு, மறுகையால துணியை இழுத்து இழுத்து ஒதுக்கிக்கிட்டு இருந்தாங்க. வலது காலைத் தேய்ச்சு வெச்சாங்க. ஒரே வாரத்துல.

"அக்கா, கடிகாரத்துகிட்ட போட்டுக் கொடுத்தது நான்தான். நாத்தமும் என்னோடதுதான், உங்களது இல்ல."

அக்கா கையை நிறுத்தினாங்க. என்னைப் பாத்தாங்க. திட்டுவாங்கன்னு நின்னேன், திட்டினா நல்லா இருக்கும்னு இருந்துச்சு. திட்டல. குனிய முடியாம குனிஞ்சு அடுத்த துணியை எடுத்தாங்க.

"உங்களுக்குத் தெரியுமில்ல? அதனாலதானே அந்த டப்பாவைக் கொடுத்தீங்க?"

"ஒரு வருஷமா தெரியும். எனக்கும் இருக்குன்னு அன்னிக்கு நம்பிட்டேன், அதான் ரெண்டு டப்பாவா செஞ்சேன்."

"அப்போ ஏன் யார்கிட்டயும் சொல்லல? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"உன்கிட்ட சொன்னா நீ கூசிப் போயிடுவ. மேல சொன்னா உன்னை இங்க அனுப்பிடுவாங்க," அப்படின்னாங்க. "இங்க எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்டி. உனக்குத் தெரியாது."

இதுக்கு மேல அங்க நிக்க முடியல. அழுதேன். அழுது என்ன புண்ணியம், மூட்டை அப்படியேதான் இருக்கு. நேரா மேல போய் கடிகாரத்துகிட்ட எல்லாத்தையும் கொட்டினேன். அக்காவுக்கு ஒண்ணும் பூச வேண்டிய தேவையே இல்ல, புகார் சொன்னதும் நாறினதும் ஒரே ஆளு, என்னை அங்க போட்டுட்டு அவங்களை இங்க கூப்பிடுங்கன்னேன். அந்தம்மா என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, மணியைப் பாத்துட்டு, "எனக்கு ரெண்டு பக்கமும் ஆள் இருந்தா சரி"ன்னாங்க. எங்க தலையெழுத்தை மாத்த அவங்களுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகல.

திங்கக்கிழமை காலையில ஆறு மணிக்கு அழுக்குப் பக்கம் போனேன். ஆணியில அக்காவோட கையுறை தொங்கிக்கிட்டு இருந்துச்சு. உள்ளும் புறமும் கழுவிக் காய வெச்சது. கையை விட்டேன், வழுக்கிக்கிட்டு உள்ள போச்சு. எடுத்துப் பாத்தா விரல் எல்லாம் வெள்ளை வெள்ளையா மாவு. களிம்பு செஞ்ச மக்காச்சோள மாவுல மிச்சம் இருந்ததைக் கையுறைக்குள்ள தூவி வெச்சிருக்காங்க, ரப்பர் தோலை அறுக்காம இருக்க. பதினோரு வருஷத்துல அவங்களுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டாங்க, கை அறுந்து அறுந்து தானா கத்துக்கிட்டதா இருக்கும்.

இன்னியோட ரெண்டு மாசம். அக்கா என்கிட்ட பேசறதில்ல. பஸ் ஸ்டாப்ல நின்னாலும் அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. நானும் கூப்பிடல, எந்த முகத்தை வெச்சுக்கிட்டு கூப்பிடுறது? ஆனா கையுறையில மாவு தீர்ந்துபோனா, மறுநாள் காலையில பாத்தா மறுபடி இருக்கு.